முன்பருவச் சிறப்புக் கல்வி

முன்பருவச் சிறப்புக் கல்வி என்பது பிறப்பு முதல் ஏறத்தாழ ஆறு வயது வரையுள்ள, வளர்ச்சித் தாமதமோ இயலாமையோ உடைய சிறார்களை இனங்கண்டு, அவர்களின் தேவைகளை மதிப்பிட்டு, அவர்கள் வளரவும் கற்கவும் துணைசெய்யும் கல்வித் துறை ஆகும். குறைமாதப் பிறப்பு போன்ற காரணங்களால் தாமதம் ஏற்படும் வாய்ப்பு மிகுந்த சிறார்களும் இதில் அடங்குவர். கல்வியியல், குழந்தை மருத்துவம், உளவியல், பேச்சு மொழிச் சிகிச்சை, இயன்முறை மருத்துவம் ஆகியவை இத்துறையில் ஒன்றிணைந்து செயற்படுகின்றன. பெற்றோர் இங்கு பயனாளிகள் மட்டும் அல்லர்; மதிப்பீட்டிலும் பயிற்சியிலும் முதன்மைப் பங்காளிகள் ஆவர்.

இத்துறையில் மதிப்பீடும் ஆதரவும் ஒரே செயலின் இரு பகுதிகளாகக் கருதப்படுகின்றன. குழந்தைக்கு ஒரு பெயரைச் சூட்டுவதோடு நின்றுவிடும் மதிப்பீடு பயனற்றது. குழந்தையை அறியாமல் தரப்படும் ஆதரவு இலக்கற்றது.

சொற்களும் பொருளும்

வளர்ச்சித் தாமதம் என்பது தவழ்தல், நடத்தல், பேசுதல், பிறரோடு பழகுதல் போன்ற வளர்ச்சிப் படிகளை ஒரு குழந்தை வழமையான வயதெல்லைக்குள் எட்டாத நிலை ஆகும். இது ஒரு நோயின் பெயர் அன்று. தாமதம் நீங்கலாம், அல்லது பிற்காலத்தில் அறிவுத்திறன் குறைபாடு, செவித்திறன் குறைபாடு, மதியிறுக்கம், பெருமூளை வாதம் போன்ற நிலைகளில் ஒன்றாக உறுதிப்படலாம்.

சிறப்புத் தேவை என்பது பொதுவான கற்பித்தலோடு கூடுதலாக ஒரு குழந்தைக்கு வேண்டிய உதவியைக் குறிக்கும். இலங்கையில் விசேட தேவை, விசேட கல்வி ஆகிய சொற்கள் வழக்கில் உள்ளன. தமிழ்நாட்டில் இயலாமை உடையோரைக் குறிக்க மாற்றுத்திறனாளி என்ற சொல் பயன்படுத்தப்படுகிறது.

உலக சுகாதார அமைப்பு 2001 ஆம் ஆண்டு வெளியிட்ட வகைப்பாடு, இயலாமையை உடலின் குறையாக மட்டும் பார்க்காமல், உடல்நிலைக்கும் சூழலுக்கும் இடையேயான உறவின் விளைவாக விளக்குகிறது. எடுத்துக்காட்டாக, நடக்க இயலாத ஒரு குழந்தை வாசற்படி உயர்ந்த முன்பள்ளியில் வெளியே நிற்க நேரிடுகிறது. சாய்தளம் உள்ள முன்பள்ளியில் மற்றவர்களோடு விளையாடுகிறது. குழந்தையின் உடல்நிலை இரண்டு இடத்திலும் ஒன்றே. ஆகவே குழந்தையை மட்டும் அன்றி, குழந்தை இருக்கும் இடத்தையும் மதிப்பிடவேண்டும் என்பது இப்பார்வையின் முடிபு ஆகும்.

முன்பருவத்தின் முக்கியத்துவம்

மூளையின் நரம்பிணைப்புகள் பிறப்பை அடுத்த சில ஆண்டுகளில் மிக விரைவாக உருவாகின்றன. பயன்படும் இணைப்புகள் வலுப்பெறுகின்றன, பயன்படாதவை நீங்குகின்றன. எனவே இக்காலத்தில் குழந்தை பெறும் ஒலி, ஒளி, தொடுகை, உரையாடல் ஆகியவை பிற்காலக் கற்றலுக்கு அடித்தளம் ஆகின்றன.

இதற்குத் தெளிவான சான்று செவித்திறன் ஆகும். அமெரிக்காவில் 1998 ஆம் ஆண்டு வெளியான யோசினாகா-இட்டானோ குழுவினரின் ஆய்வு, ஆறு மாதத்திற்கு முன் செவிக்குறை கண்டறியப்பட்டு உதவி பெற்ற குழந்தைகள், அதன் பின்னர் கண்டறியப்பட்டவர்களை விட மொழியில் மேம்பட்டிருந்ததைக் காட்டியது. இத்தகைய ஆய்வுகளின் அடிப்படையில், ஒரு மாதத்திற்குள் வடிகட்டல், மூன்று மாதத்திற்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்திற்குள் உதவி என்ற 1-3-6 நெறி பரவலாக ஏற்கப்பட்டது.

தாமதத்தின் இழப்பு சில வேளைகளில் குழந்தையின் குறையை விடப் பெரிதாகிறது. காது கேளாத குழந்தை மொழியைக் கற்க இயலாத குழந்தை அன்று. ஆனால் பேச்சொலியோ சைகை மொழியோ எதுவும் கிடைக்காமல் நான்கு ஆண்டுகள் கழிந்தால், மொழியின்மை என்ற இரண்டாவது இடர் அக்குழந்தைக்கு நேர்கிறது. இந்த இரண்டாவது இடர் தவிர்க்கக்கூடியது.

வரலாறு

பிரான்சியக் காட்டில் தனியே வாழ்ந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டு, 1800 ஆம் ஆண்டு பாரிசுக்குக் கொண்டுவரப்பட்ட விக்டர் என்ற சிறுவனுக்கு மருத்துவர் இட்டார் அளித்த பயிற்சி, சிறப்புக் கல்வி வரலாற்றின் தொடக்கங்களில் ஒன்றாகக் குறிப்பிடப்படுகிறது. அவருடைய வழிவந்த செகுவின், புலன்களின் வழியே கற்பிக்கும் முறைகளை உருவாக்கினார். இவ்விருவரின் முறைகளை மரியா மாண்டிசோரி உரோமில் அறிவுத்திறன் குறைபாடு உடைய சிறார்களிடம் பயன்படுத்தினார். பின்னர் 1907 ஆம் ஆண்டு தாம் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில் அவற்றைப் பிற சிறார்களுக்கும் விரித்தார். இன்று பொதுவான முன்பள்ளிகளில் காணப்படும் கற்றல் கருவிகள் பலவற்றின் வேர் சிறப்புக் கல்வியில் உள்ளது.

1905 ஆம் ஆண்டு ஆல்பிரட் பினேயும் தியோடர் சிமோனும் பிரான்சில் அறிவுத்திறன் அளவுகோல் ஒன்றை வெளியிட்டனர். பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் சிறார்களை இனங்காண்பதே அதன் நோக்கம். அறிவுத்திறன் மாறாத ஓர் அளவு என்ற கருத்தைப் பினே மறுத்தார். ஆனால் அதே அளவுகோல் அமெரிக்காவுக்குச் சென்றபோது, மனிதர்களைத் தரம் பிரித்து ஒதுக்கவும் பயன்படுத்தப்பட்டது. உதவிக்காக உருவான கருவி விலக்குவதற்கான கருவியாக மாறக்கூடும் என்பதற்கு இது அடிக்கடி சுட்டப்படும் எடுத்துக்காட்டு ஆகும்.

அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் அரோல்டு இசுகீல்சு 1930களில் நடத்திய ஆய்வு மற்றொரு திருப்பம் ஆகும். அனாதை இல்லத்தில் கவனிப்பின்றி இருந்த, வளர்ச்சி குன்றியவர்களாகக் கருதப்பட்ட 13 குழந்தைகள், அறிவுத்திறன் குறைபாடு உடைய பெண்கள் வாழ்ந்த நிறுவனம் ஒன்றுக்கு மாற்றப்பட்டனர். அப்பெண்கள் அக்குழந்தைகளைத் தூக்கி, பேசி, விளையாடி வளர்த்தனர். குழந்தைகளின் அளவீடுகள் பெருமளவு உயர்ந்தன. அனாதை இல்லத்திலேயே இருந்த ஒப்பீட்டுக் குழுவினரின் அளவீடுகள் தாழ்ந்தன. 1966 ஆம் ஆண்டு வெளியான தொடராய்வின்படி, மாற்றப்பட்ட 13 பேரும் வளர்ந்தபின் தம்மைத் தாமே பேணி வாழ்ந்தனர். ஆய்வுமுறை பற்றிய விமர்சனங்கள் இருப்பினும், குழந்தைப் பருவ அளவீடு தலைவிதி அன்று என்ற கருத்தை இது வலுப்படுத்தியது.

1994 ஆம் ஆண்டின் சலமான்கா அறிக்கையும், 2006 ஆம் ஆண்டு ஏற்கப்பட்ட இயலாமை உடையோர் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையும், இச்சிறார்களைப் பிற சிறார்களோடு சேர்த்துக் கற்பிக்கும் உள்ளடக்கிய கல்வியை உலக நெறியாக முன்வைத்தன. இந்தியா 2007 ஆம் ஆண்டு இவ்வுடன்படிக்கையை உறுதிசெய்தது.

மதிப்பீடு

முன்பருவ மதிப்பீடு பொதுவாக நான்கு வகைப்படும். ஒவ்வொன்றும் வேறொரு கேள்விக்கு விடை தேடுகிறது.

- வடிகட்டல்: இக்குழந்தையை மேலும் ஆராய வேண்டுமா?
- நிலையறிதல்: தாமதமோ இயலாமையோ உள்ளதா, அதன் தன்மை என்ன?
- திட்டமிடலுக்கான மதிப்பீடு: குழந்தை இப்போது எதைச் செய்கிறது, அடுத்து எதைக் கற்கலாம்?
- தொடர் மதிப்பீடு: அளிக்கப்படும் உதவி பயன் தருகிறதா?

வடிகட்டல்

வடிகட்டல் குறுகிய நேரத்தில் பல குழந்தைகளைப் பார்ப்பதற்கானது. திருவனந்தபுரத்தில் உருவாக்கப்பட்டு 1991 ஆம் ஆண்டு வெளியான திருவனந்தபுரம் வளர்ச்சி வடிகட்டல் அட்டவணை இதற்கு எளிய எடுத்துக்காட்டு. இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கான இவ்வட்டவணையில் 17 வளர்ச்சிப் படிகள் உள்ளன. குழந்தையின் வயதுக்கு நேராக ஓர் அளவுகோலைச் செங்குத்தாக வைக்கவேண்டும். அளவுகோலுக்கு இடப்புறம் முற்றிலும் கடந்துவிட்ட படிகளில் ஏதேனும் ஒன்றைக் குழந்தை செய்யாவிட்டால் மேற்பரிசோதனைக்கு அனுப்பவேண்டும். சிறிது பயிற்சி பெற்ற களப்பணியாளரே சில நிமிடங்களில் இதைச் செய்து முடிக்கலாம்.

16 முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகளிடம் மதியிறுக்கத்தின் அறிகுறிகளை வடிகட்ட, பெற்றோரிடம் 20 கேள்விகள் கேட்கும் எம்-சாட் என்ற வினாப்பட்டியல் பல நாடுகளில் பயன்படுகிறது.

எந்த வடிகட்டலும் பிழையற்றது அன்று. சிக்கல் இல்லாத குழந்தையைச் சிக்கல் உள்ளதாகக் காட்டலாம். சிக்கல் உள்ள குழந்தையைத் தவறவிடலாம். ஆகவே வடிகட்டலின் முடிவைக் கொண்டு ஒரு குழந்தைக்கு இயலாமை உண்டு என்று பெற்றோரிடம் கூறுதல் தவறாகும். அதுபோலவே, ஒருமுறை தேறிய குழந்தையைப் பற்றிப் பெற்றோர் கவலை தெரிவித்தால் அதைப் புறக்கணித்தலும் தவறாகும்.

நிலையறிதல்

நிலையறிதலுக்குத் தரப்படுத்தப்பட்ட சோதனைகள் பயன்படுகின்றன. பேலி அளவுகோலை அடிப்படையாகக் கொண்டு, பரோடாவில் பிரமீளா பாடக் இந்தியக் குழந்தைகளிடம் பெற்ற அளவீடுகளால் உருவாக்கிய வளர்ச்சி மதிப்பீட்டு அளவுகோல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கு உரியது. இது 67 இயக்கப் படிகளையும் 163 உளப் படிகளையும் கொண்டது.

இச்சோதனைகளில் கவனிக்கவேண்டியவை:

- குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இரண்டு வயது வரை வயதைத் திருத்திக் கணக்கிடவேண்டும். எட்டு வாரம் முன்னதாகப் பிறந்து இப்போது ஆறு மாதம் ஆன குழந்தையை ஏறத்தாழ நான்கு மாதக் குழந்தையோடு ஒப்பிடவேண்டும்.
- பேச்சுத் தாமதம் உள்ள எந்தக் குழந்தைக்கும் முதலில் செவித்திறனைச் சோதிக்கவேண்டும். கேளாமை பல வேளைகளில் பிடிவாதம் என்றும் அறிவுக்குறை என்றும் தவறாகக் கொள்ளப்படுகிறது.
- குழந்தையின் வீட்டு மொழியில் மதிப்பிடவேண்டும். வீட்டில் தமிழ் பேசும் குழந்தை ஆங்கிலத்தில் கேட்ட கேள்விக்கு விடை கூறாமை மொழித் தாமதம் ஆகாது. இருமொழிக் குழந்தையின் சொற்களை இரு மொழிகளிலும் சேர்த்தே எண்ணவேண்டும்.
- பசி, உறக்கம், அறிமுகமற்ற இடம், அறிமுகமற்ற மனிதர் ஆகியவை சிறு குழந்தையின் செயற்பாட்டைப் பெரிதும் மாற்றும். ஒரே அமர்வை மட்டும் கொண்டு முடிவு செய்யலாகாது.

அவதானிப்பு

முன்பள்ளி ஆசிரியர் செய்யக்கூடிய, செலவற்ற, மிகப் பயனுள்ள மதிப்பீடு அவதானிப்பு ஆகும். குழந்தை விளையாடும்போதும் உண்ணும்போதும் பிறரோடு பழகும்போதும் கண்டதைக் கண்டவாறு எழுதுவதே இம்முறை. தீர்ப்புச் சொற்களைத் தவிர்த்தல் இதன் முதல் விதி.

"அடம்பிடித்தான், பாடலில் சேரவில்லை" என்ற குறிப்பு ஆசிரியரின் கருத்து ஆகும். "மேளம் ஒலித்ததும் இரு காதுகளையும் பொத்தினான், அறையின் மூலைக்குச் சென்றான், மேளம் நின்ற பின் தானே திரும்பி வந்து அமர்ந்தான்" என்பது அவதானிப்பு ஆகும். முதற் குறிப்பு கண்டிப்புக்கு இட்டுச்செல்லும். இரண்டாவது குறிப்பு, சிக்கல் பாடலில் அன்று, ஒலியின் வலுவில் இருக்கலாம் என்று காட்டுகிறது. மேளத்தை விலக்கிப் பார்க்கலாம் என்ற வழியையும் தருகிறது. ஒரு நடத்தைக்கு முன் நிகழ்ந்தது, நடத்தை, பின் நிகழ்ந்தது என மூன்று பத்திகளில் சில நாட்கள் எழுதிவந்தால் பெரும்பாலும் காரணம் புலப்படும்.

ஆதரவு முறைகள்

தனியாள் திட்டம்

மதிப்பீட்டின் பயனாக ஒவ்வொரு குழந்தைக்கும் எழுதப்படும் திட்டத்தில் தற்போதைய நிலை, சில இலக்குகள், செய்முறை, பொறுப்பாளர், மீளாய்வு நாள் ஆகியவை இடம்பெறும். இலக்குகள் அளக்கத்தக்கனவாக இருத்தல் வேண்டும். "பேச்சு வளரும்" என்பது இலக்கு ஆகாது. "தண்ணீர் வேண்டும்போது சொல்லாலோ படத்தைத் தொட்டோ கேட்பாள், ஐந்தில் நான்கு முறை" என்பது இலக்கு ஆகும்.

அன்றாட நிகழ்வுகளில் கற்பித்தல்

வாரம் ஒருமுறை சிகிச்சையாளரோடு செலவிடும் ஒரு மணி நேரத்தை விட, குளியல், உணவு, உடை, விளையாட்டு என நாளெல்லாம் வரும் வாய்ப்புகள் மிகப் பல. எனவே பயிற்சியை இந்நிகழ்வுகளிலேயே பதித்தல் விரும்பப்படுகிறது.

செயற்பகுப்பு

ஒரு செயலைச் சிறு படிகளாகப் பிரித்துக் கற்பித்தல் செயற்பகுப்பு ஆகும். கால்சட்டை அணிதலைக் கற்பிக்கும்போது, முதலில் பெரியவர் முழங்கால் வரை ஏற்றிவிட, இடுப்பு வரை இழுப்பதை மட்டும் குழந்தை செய்கிறது. பின்னர் கணுக்காலில் இருந்து இழுக்கிறது. இறுதியில் முழுவதும் தானே அணிகிறது. இவ்வாறு கடைசிப் படியில் இருந்து தொடங்குவதால் ஒவ்வொரு முறையும் செயலை முடித்த நிறைவு குழந்தைக்குக் கிடைக்கிறது. உதவியைச் சிறிது சிறிதாகக் குறைத்தல் இதன் இன்றியமையாத பகுதி. இல்லையேல் குழந்தை உதவிக்காகக் காத்திருக்கப் பழகிவிடும்.

சூழல் மாற்றம்

கால் தரையில் படும் உயரத்தில் நாற்காலி, தடித்த பிடி கொண்ட கரண்டி, நாளின் நிகழ்ச்சிகளைக் காட்டும் படவரிசை, சாளர ஒளி ஆசிரியரின் முகத்தில் விழுமாறு அமரும் இடம் ஆகியவை எளிய சூழல் மாற்றங்கள். பேச்சு வராத குழந்தைகளுக்குப் படங்கள், சைகைகள், கருவிகள் வழியான மாற்றுத் தொடர்பாடல் பயன்படுகிறது. இது பேச்சைத் தடுத்துவிடும் என்ற அச்சம் பெற்றோரிடையே உண்டு. ஆய்வுகள் அவ்வச்சத்தை உறுதிசெய்யவில்லை.

போர்ட்டேச்சு முறை

1969 ஆம் ஆண்டு அமெரிக்காவின் விசுகான்சின் மாநிலத்தில் போர்ட்டேச்சு என்ற ஊரில் தொடங்கிய திட்டம் இது. சிற்றூர்களில் சிதறி வாழ்ந்த குடும்பங்களால் மையத்திற்கு வர இயலாததால், பயிற்சியாளர் வாரம் ஒருமுறை வீட்டுக்குச் சென்றார். 580 நடத்தைகள் கொண்ட பட்டியலின் துணையோடு குழந்தையின் அடுத்த படியைத் தெரிந்து, அதைப் பெற்றோருக்குச் செய்துகாட்டினார். பெற்றோர் அவ்வாரம் முழுவதும் பயிற்சி அளித்தனர். மதிப்பீட்டுப் பட்டியலே பாடத்திட்டமாகவும் அமைந்தது இதன் சிறப்பு. இம்முறை பிரித்தானியா, இந்தியா உள்ளிட்ட நாடுகளில் தழுவப்பட்டது.

நாடுகளில்

ஐக்கிய அமெரிக்கா

1972 ஆம் ஆண்டு, எட் இசுடார்ட் முன்பள்ளித் திட்டத்தின் இடங்களில் குறைந்தது 10 விழுக்காடு இயலாமை உடைய சிறார்களுக்கு வழங்கப்படவேண்டும் எனச் சட்டமாக்கப்பட்டது. 1986 ஆம் ஆண்டுச் சட்டம் பிறப்பு முதல் உதவி அளிக்க வழிவகுத்தது. மூன்று வயதுக்கு உட்பட்டோருக்குக் குடும்பத்தை மையமாகக் கொண்ட திட்டம் எழுதப்படுகிறது. பரிந்துரை கிடைத்து 45 நாட்களுக்குள் மதிப்பீடும் முதற்கூட்டமும் நிகழவேண்டும். ஆறு மாதத்திற்கு ஒருமுறை திட்டம் மீளாயப்படுகிறது. குறிப்பிட்ட இயலாமை உறுதிப்படாத நிலையிலும், வளர்ச்சித் தாமதம் என்ற வகையின் கீழ் உதவி பெறலாம்.

இங்கிலாந்து

1978 ஆம் ஆண்டின் வார்னாக் அறிக்கை, குறைகளின் வகைகளுக்கு மாற்றாகக் கல்வித் தேவைகளை அடிப்படையாகக் கொண்டது. 2014 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வெளியான நெறிமுறை, மதிப்பிடு, திட்டமிடு, செய், மீளாய் என்ற சுழற்சியை முன்பள்ளிகளுக்கும் வகுத்தது. இச்சுழற்சியைத் தொடங்க மருத்துவச் சான்று தேவை இல்லை. ஆசிரியர் அல்லது பெற்றோரின் கவலையே போதுமானது. மிகுந்த தேவை உடையோருக்கு 20 வாரத்திற்குள் கல்வி, உடல்நலம், பராமரிப்பு ஆகியவற்றை இணைத்த சட்டத் திட்டம் வழங்கவும் அது வகைசெய்தது.

இந்தியா

1975 ஆம் ஆண்டு அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் அங்கன்வாடிகளே ஆறு வயதுக்கு உட்பட்ட சிறார்களை எட்டும் மிகப் பரந்த அமைப்பு ஆகும். 2013 ஆம் ஆண்டு தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டம், பிறவிக் குறைபாடுகள், ஊட்டக் குறைபாடுகள், நோய்கள், வளர்ச்சித் தாமதங்கள் என்ற நான்கு பிரிவுகளில் 30 நிலைகளை வடிகட்டுகிறது. நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறை செல்லவேண்டும். இனங்காணப்பட்டவர்கள் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்களுக்கு அனுப்பப்படுவர்.

2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை இயலாமைகளை ஏற்றது; சிறார்களை ஆண்டுக்கு ஒருமுறையேனும் வடிகட்டும் கடமையை அரசுகளுக்கு அளித்தது. 2023 ஆம் ஆண்டு நவம்பரில் நடுவண் அரசு, அங்கன்வாடிகளில் மாற்றுத்திறன் சிறார்களுக்கான செயல்நெறியை வெளியிட்டது. முன்னறிகுறிகளை இனங்காணல், சமூக நிகழ்வுகளில் சேர்த்துக் குடும்பங்களை வலுப்படுத்தல், பரிந்துரை உதவி என்பன அதன் மூன்று படிகள்.

தமிழ்நாட்டில் சென்னையின் பால வித்யாலயா 1969 ஆம் ஆண்டு முதல் காது கேளாத இளஞ்சிறார்களுக்குப் பெற்றோரின் பங்கேற்போடு கற்பித்து வருகிறது. 1981 ஆம் ஆண்டு ஆய்க்குடியில் தொடங்கப்பட்ட அமர் சேவா சங்கம் சிற்றூர்க் குழந்தைகளுக்குத் தொடக்கநிலை இடையீட்டுப் பணிகளை விரித்துள்ளது. பல்வகை மாற்றுத்திறன் உடையோருக்கான தேசிய நிறுவனம் 2005 ஆம் ஆண்டு முதல் முட்டுக்காட்டில் செயற்படுகிறது.

சிக்கல்களும் விமர்சனங்களும்

பெயரிடல்: இயலாமையின் பெயர் குடும்பத்திற்கு விளக்கத்தையும் அரசு உதவியையும் பெற்றுத் தருகிறது. அதே பெயர் முன்பள்ளிகள் குழந்தையைச் சேர்க்க மறுப்பதற்கும் காரணமாகலாம். இதனால் சில பெற்றோர் மதிப்பீட்டையே தவிர்க்கின்றனர்.

காத்திருத்தல்: "ஆண் குழந்தை தாமதமாகத்தான் பேசும்", "அப்பாவும் மூன்று வயதில்தான் பேசினார்" போன்ற ஆறுதல்கள் பல மாதங்களை விழுங்குகின்றன. மறுபுறம், வல்லுநரின் இறுதி முடிவு வரும் வரை எதுவும் செய்யாதிருத்தலும் காத்திருத்தலே ஆகும். உரையாடல், விளையாட்டு, சூழல் மாற்றம் ஆகியவற்றைத் தொடங்க இறுதி முடிவு தேவை இல்லை. தாமதம் இல்லை என்று பின்னர் தெரியவந்தாலும் இவற்றால் குழந்தைக்கு இழப்பு இல்லை.

வடிகட்டலுக்குப் பிந்திய வெற்றிடம்: இனங்காணும் பணி விரைவாகவும் உதவி மெதுவாகவும் வளர்ந்தால், பெற்றோருக்குக் கிடைப்பது கவலை மட்டுமே. மாவட்டத் தலைநகரில் உள்ள மையத்திற்கு வாரந்தோறும் செல்வது நாட்கூலியை இழப்பதாகும். வீட்டுக்கும் அங்கன்வாடிக்கும் பயிற்சியைக் கொண்டுசெல்லும் முறைகள் இதனாலேயே வலியுறுத்தப்படுகின்றன.

சட்ட இடைவெளி: இந்தியாவில் 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதினருக்கு உரியது. 2016 ஆம் ஆண்டுச் சட்டம் குறிப்பிட்ட அளவு இயலாமை உடையோருக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமையை அளிக்கிறது. ஆறு வயதுக்கு உட்பட்டோரின் கல்வி, 2002 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அரசமைப்பின் நெறியுறுத்தும் கோட்பாடுகளில் இடம்பெறுகிறது. அது நீதிமன்றத்தின் வழி நேரடியாகப் பெறத்தக்க உரிமை அன்று. உதவி மிகுந்த பயன் தரும் ஆண்டுகளும், அதைக் கேட்டுப்பெறும் உரிமை மிகக் குறைந்த ஆண்டுகளும் ஒன்றாகவே இருப்பது இத்துறையில் தீராத முரணாகத் தொடர்கிறது.